குனூ/லினக்ஸ் பயனர் குழு

குனூ/லினக்ஸ் பயனர் குழு என்பது, குனூ/லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் ஓர் ஊரிலோ கல்லூரியிலோ கூடி, அதனை நிறுவவும், இற்றைப்படுத்தவும், பழுது நேரும்போது சரிசெய்யவும் ஒருவருக்கொருவர் ஊதியமின்றி உதவிக்கொள்ளும் தன்னார்வ அமைப்பு ஆகும். 1990களில் இருந்து உலகின் பல நகரங்களில் இத்தகைய குழுக்கள் இயங்கி வருகின்றன. தமிழ்நாட்டில் சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் முதலிய இடங்களில் இவை தோன்றியுள்ளன.

கட்டற்ற இயங்குதளம் ஒன்றை யாரும் விலையின்றிப் பெறலாம். ஆனால் அதனைப் பெறுவது வேறு, பல ஆண்டுகள் பழுதின்றி வைத்திருப்பது வேறு. இற்றைப்படுத்தும்போது கணினி நின்றுவிட்டால், விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் உள்ள ஒரு மாணவருக்கு அழைத்துக் கேட்க எந்த நிறுவனத்தின் சேவை மையமும் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த இடத்தைப் பயனர் குழுக்களே நிரப்புகின்றன. அருகில் உதவி கிடைக்காதபோது மாணவர் இயங்குதளத்தையே கைவிட நேர்கிறது. ஆகவே மென்பொருள் உரிமம் தரும் உரிமைகள் நடைமுறையில் பயன்படுவது, கற்றுக்கொடுக்க ஆள் இருப்பதைப் பொறுத்தே அமைகிறது எனலாம்.

பின்னணி

1983 ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991 ஆம் ஆண்டு பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்ததே குனூ/லினக்ஸ் இயங்குதளம் ஆகும். கருனி, கருவிகள், பயன்பாட்டு மென்பொருள்கள் ஆகியவற்றைத் தொகுத்து நிறுவத்தக்க வடிவில் தருவது வழங்கல் எனப்படும். டெபியன் (1993), உபுண்டு (2004) ஆகியன நன்கு அறியப்பட்ட வழங்கல்கள் ஆகும்.

லினக்ஸ் கருனி குனூ பொது மக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. மென்பொருளை இயக்கவும், அதன் மூல நிரலைப் படித்து மாற்றவும், படியெடுத்துப் பகிரவும், மாற்றியதை வெளியிடவும் இவ்வுரிமம் இடமளிக்கிறது. அதே உரிமம், மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்றும் தெளிவாகக் கூறுகிறது. அதாவது, பழுதைச் சரிசெய்யும் உரிமை பயனருக்கு உண்டு; சரிசெய்து தரும் கடமை யாருக்கும் இல்லை. ரெட் ஹேட், சுசே போன்ற நிறுவனங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு இவ்வுதவியை அளிக்கின்றன. எனினும் அவை பெரும்பாலும் அலுவலகங்களையும் வணிக நிறுவனங்களையும் முன்னிட்டவை. வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவருக்கு அவை எட்டுவதில்லை. இவ்விடைவெளியில் இருந்தே பயனர் குழுக்கள் எழுந்தன.

தொடக்கக் காலத்தில் இக்குழுக்களின் முதன்மைப் பணி நிறுவல் விழா நடத்துவதாகும். பயனர்கள் தம் கணினிகளைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடுவர். அனுபவமுள்ளோர் அருகிருந்து இயங்குதளத்தை நிறுவ உதவுவர். இணைய வேகம் குறைவாக இருந்த அந்நாட்களில் குறுவட்டுகளைப் படியெடுத்து வழங்குவதும் குழுக்களின் பணியாக இருந்தது. உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் குறுவட்டுகளை அஞ்சலில் இலவசமாக அனுப்பி வந்தது. இணைய இணைப்பே இல்லாத வீடுகளுக்கும் உபுண்டு சென்றடைய இது பெரிதும் துணைபுரிந்தது.

தமிழ்நாட்டில் பயனர் குழுக்கள்

இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை 1998 சனவரி முதல் இயங்கி வருகிறது. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது இதன் வழக்கம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் இக்கூட்டங்கள் நெடுங்காலம் நடைபெற்றன. காஞ்சிபுரத்திலும் ஒரு பயனர் குழு செயல்பட்டு வருகிறது. 2012 சனவரியில் தொடங்கப்பட்ட கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்கள் குறித்த கட்டுரைகளையும் நூல்களையும் எளிய தமிழில், யாரும் பகிரத்தக்க உரிமத்தில் வெளியிட்டு வருகிறது. ஆங்கிலக் கையேடுகளைப் படிக்கத் தயங்கும் மாணவர்களுக்கு இவை பயன்படுகின்றன.

அரசு சார்ந்த முயற்சிகளும் லினக்ஸ் பரவலுக்குக் காரணமாயின. சீடாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் எனும் வழங்கலை உருவாக்கியது. இதன் முதற் பதிப்பு 2007 ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இடைமுகம் கொண்டிருப்பது இதன் சிறப்பு. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. 2018 ஆம் ஆண்டு வெளியான பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், விண்டோசுடன் உபுண்டுவையும் பாடமாகக் கொண்டிருந்தது.

இவ்வாறு லினக்ஸ் நிறுவப்பட்ட கணினிகள் நகரம், சிற்றூர் என்ற வேறுபாடின்றி வீடுகளைச் சென்றடைந்தன. ஆனால் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அதே அளவில் பரவவில்லை. கணினி நின்றுவிட்டால் கடையில் கொடுப்பதும், கடையில் வன்தட்டை முழுவதுமாக அழித்து, உரிமம் பெறாத வேறோர் இயங்குதளத்தை நிறுவித் தருவதும் பரவலான வழக்கமாயிற்று. மாணவரின் செய்முறைக் குறிப்புகளும், ஒளிப்படங்களும், திட்ட அறிக்கைகளும் அதனுடன் அழிந்துபோவதுண்டு. சில கட்டளைகளில் சரியாகியிருக்கக்கூடிய பழுதுகளும் இவ்வாறே முடிந்தன.

விழுப்புரமும் திண்டிவனமும்

விழுப்புரம் மாவட்டம் 1993 ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்து பிரிக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி இதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சென்னையில் இருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையிலும் தொடர்வண்டிப் பாதையிலும் திண்டிவனம் சுமார் 120 கி.மீ. தொலைவிலும், விழுப்புரம் சுமார் 160 கி.மீ. தொலைவிலும் அமைந்துள்ளன. இரு ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரியும், அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரியும் உள்ளன. சுற்றுப்புறச் சிற்றூர்களில் இருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படிப்போர் இக்கல்லூரிகளில் மிகுதி. அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் கணினியைத் தொடும் முதல் தலைமுறையினர் ஆவர்.

சென்னையில் மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டத்திற்கு இம்மாணவர்கள் பழுதான கணினியுடன் சென்று வருவது எளிதன்று. மேசைக் கணினியாயின் அதன் பெட்டியைப் பேருந்தில் ஏற்றிச் செல்ல வேண்டும். ஒரு நாள் முழுவதும் கழிந்துவிடும். ஆகவே மாவட்டத்திற்குள்ளேயே ஒரு குழு தேவைப்பட்டது.

விழுப்புரம் குனூ/லினக்ஸ் பயனர் குழு 2013 ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. பின்னர் இது அறக்கட்டளையாகவும் வடிவம் பெற்றது. கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்துவதும், ஊரகப் பின்னணி கொண்ட மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கணினித் தொழில்நுட்பம் கற்பிப்பதும் இதன் நோக்கங்கள் ஆகும். வார இறுதி வகுப்புகள் மூலம் இக்குழு கற்பித்தலில் ஈடுபட்டு வருகிறது. திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவே ஆதலால், காலையில் புறப்பட்டு மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில் ஒரு குழு அமைந்துள்ளது எனலாம்.

குழு அமைந்த காலமும் கருதத்தக்கது. 2012 ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் கடும் மின் பற்றாக்குறை நிலவியது. சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. இற்றைப்படுத்தல் பாதியில் நிற்கும்போது மின்சேமிப்புக் கருவி இல்லாத மேசைக் கணினி என்னவாகும் என்பது இப்பகுதிப் பயனர்களுக்கு நூலறிவாக அன்றி நேரில் தெரிந்த ஒன்றாக இருந்தது.

இற்றைப்படுத்தல்

பயனர் குழுக்களில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பகுதி இற்றைப்படுத்தலைச் சார்ந்ததாகும். விண்டோசில் ஒவ்வொரு மென்பொருளும் பெரும்பாலும் தன்னைத் தானே இற்றைப்படுத்திக்கொள்ளும். லினக்ஸ் வழங்கல்களில் இயங்குதளமும் பயன்பாடுகளும் பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, வழங்கலின் மென்பொருட் கிடங்கில் வைக்கப்பட்டிருக்கும். பொதி மேலாண்மைக் கருவி அவற்றை மொத்தமாக இற்றைப்படுத்தும். டெபியன், உபுண்டு, பாஸ் ஆகியவற்றில் இக்கருவி ஆப்ட் எனப்படும்.

ஆப்ட் கருவியின் இரு கட்டளைகளைப் புதியவர்கள் குழப்பிக்கொள்வது வழக்கம். 'அப்டேட்' என்பது கிடங்கில் உள்ள பொதிகளின் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். கணினியில் வேறெதையும் மாற்றாது. 'அப்கிரேட்' என்பதே புதிய பொதிகளைப் பதிவிறக்கி நிறுவும். கடைக்குச் சென்று விலைப்பட்டியலை வாங்கி வருவதற்கும் பொருளை வாங்கி வருவதற்கும் உள்ள வேறுபாடு இது. முதலாவதை மட்டும் இயக்கிவிட்டுத் தம் கணினி இற்றையாகிவிட்டது என நம்பியிருப்போர் உண்டு.

பொதிகளை இற்றைப்படுத்துவது ஒரே பதிப்புக்குள் நடப்பது. ஒரு பதிப்பில் இருந்து அடுத்த பதிப்புக்கு மாறுவது இதனினும் பெரிய செயல் ஆகும். உபுண்டு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியிடப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு இற்றைகள் கிடைக்கும். இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஒன்பது மாதங்களே ஆதரவு உண்டு. ஆகவே மாணவர்களுக்கு நீண்டகால ஆதரவுப் பதிப்பே பரிந்துரைக்கத்தக்கது. உபுண்டு 20.04 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 மே மாதம் முடிவடைந்தது. 22.04 பதிப்புக்கு 2027 வரையிலும், 24.04 பதிப்புக்கு 2029 வரையிலும் ஆதரவு உண்டு. மாறும்போது ஒரு பதிப்பைத் தாண்டிச் செல்ல இயலாது. 20.04 இல் இருந்து 24.04 க்குச் செல்ல விரும்புவோர் முதலில் 22.04 க்கு மாற வேண்டும்.

ஆதரவு முடிந்த பின்னும் கணினி வழக்கம்போல் இயங்கும் என்பதால் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் வராது. சில காலம் கழித்து அப்பதிப்பின் பொதிகள் பழைய பதிப்புகளுக்கான கிடங்கிற்கு மாற்றப்படும். அதன்பின் இற்றைப்படுத்த முயன்றால், கோப்பு காணப்படவில்லை எனும் பிழைச்செய்தியே கிடைக்கும். இணையம் பழுதாகிவிட்டது என எண்ணிக்கொண்டு குழுவை நாடி வருவோரிடம், அவர்களது பதிப்பு எது என்பதையே முதலில் கேட்க வேண்டியுள்ளது.

இணைய வசதி குறைந்த இடங்களில்

ஒரு வகுப்பறையில் இருபது கணினிகள் இருந்தால், ஒவ்வொன்றும் அதே பொதிகளைத் தனித்தனியே பதிவிறக்குவது வீண் செலவு ஆகும். ஆப்ட்-கேச்சர்-என்ஜி எனும் மென்பொருளை ஒரு கணினியில் நிறுவினால், முதன்முறை பதிவிறக்கியதை அது சேமித்து வைத்து மற்றக் கணினிகளுக்கு வழங்கும்.

இணைய இணைப்பே இல்லாத கணினிக்கு ஆப்ட்-ஆஃப்லைன் எனும் கருவி உண்டு. டெபியன் உருவாக்குநரான ரித்தேஷ் ராஜ் சராஃப் என்பவர் இதனை எழுதினார். இணைப்பில்லாத கணினியில் தேவைப்படும் பொதிகளின் பட்டியலை ஒரு சிறு கோப்பாக எடுத்து, பென் டிரைவில் கொண்டு சென்று, இணைப்புள்ள வேறொரு கணினியில் பதிவிறக்கி, மீண்டும் எடுத்து வந்து நிறுவலாம். கிடங்கின் பட்டியல்கள் மறையீட்டு முறையில் கையொப்பமிடப்பட்டவை. ஒவ்வொரு பொதியும் அப்பட்டியலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகிறது. ஆதலால் இடையில் யாரேனும் பொதியை மாற்றியிருந்தால் ஆப்ட் அதனை ஏற்காது.

அடிக்கடி நேரும் சிக்கல்கள்

பயனர் குழுக்களுக்கு வரும் சிக்கல்களில் பல, பார்ப்பதற்கு அச்சுறுத்துவனவாக இருப்பினும் எளிதில் தீர்க்கக்கூடியவை. அவற்றுள் சில வருமாறு:

மின்தடையால் நின்ற இற்றைப்படுத்தல். பொதிகள் பாதி நிறுவப்பட்ட நிலையில் மின்சாரம் நின்றால், அடுத்த முறை ஆப்ட் எதையும் நிறுவ மறுக்கும். ஆப்ட் கருவிக்கு அடியில் இயங்கும் டிபிகேஜி கருவியை 'கான்ஃபிகர்' தெரிவுடன் இயக்கினால், அது நின்ற இடத்தில் இருந்து தொடர்ந்து பொதிகளை அமைவாக்கிவிடும். பதிவிறக்கி முடித்த கோப்புகள் வன்தட்டிலேயே இருப்பதால் அவற்றை மீண்டும் பதிவிறக்க வேண்டியதில்லை. வன்தட்டை அழிக்க வேண்டிய தேவை இங்கு இல்லை.

பூட்டுக் கோப்பு. மற்றொரு செயல் பொதிகளைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என ஆப்ட் கூறும். பெரும்பாலும் இது பின்னணியில் தானாக நடக்கும் பாதுகாப்பு இற்றைப்படுத்தலே ஆகும். சற்றுக் காத்திருந்தால் போதும். பூட்டுக் கோப்பை அழித்துவிடுமாறு சிலர் கூறும் அறிவுரை, பொதித் தரவுத்தளத்தையே சிதைத்துவிடக்கூடும்.

நிரம்பிய துவக்கப் பகுதி. புதிய கருனி வரும்போது பழையது உடனே நீக்கப்படுவதில்லை. புதியது இயங்காவிடில் பழையதைக் கொண்டு கணினியைத் துவக்குவதற்காகவே அது விட்டுவைக்கப்படுகிறது. துவக்கக் கோப்புகளுக்கெனச் சிறிய பகுதி ஒதுக்கப்பட்ட கணினிகளில் பழைய கருனிகள் சேர்ந்து இடம் நிரம்பிவிடும். ஆப்ட் கருவியின் 'ஆட்டோரிமூவ்' கட்டளை தேவையற்றவற்றை நீக்கும்.

தவறான கடிகாரம். பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறையும் கணினி பல ஆண்டுகள் முந்தைய தேதியைக் காட்டித் துவங்கும். அப்போது கிடங்கின் பட்டியல் எதிர்காலத்தைச் சேர்ந்தது எனக் கருதி ஆப்ட் அதனை மறுக்கும். உலாவியில் பாதுகாப்பான வலைத்தளங்களும் திறக்கமாட்டா. தேதியைச் சரிசெய்து, சில பத்து ரூபாய் விலையுள்ள மின்கலத்தை மாற்றினால் இச்சிக்கல் தீரும்.

மறைந்துபோன லினக்ஸ். இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில் விண்டோசை மீண்டும் நிறுவினால், லினக்சைத் துவக்கும் கிரப் எனும் துவக்கி இடம் இழந்துவிடும். லினக்ஸ் அழிந்துவிட்டதாகப் பயனர் எண்ணுவார். உண்மையில் வன்தட்டில் அதன் பகுதியும் கோப்புகளும் அப்படியே இருக்கலாம். நிறுவல் பென் டிரைவைக் கொண்டு கணினியைத் துவக்கி, கிரப்பை மட்டும் மீண்டும் நிறுவினால் போதும்.

இயங்காத கம்பியில்லா இணைப்பு. சில கம்பியில்லா இணைப்புச் சில்லுகளுக்கு, மூல நிரல் வெளியிடப்படாத நிலைபொருள் தேவை. டெபியன் 11 வரையிலான அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டுகளில் அவை சேர்க்கப்படவில்லை. 2022 ஆம் ஆண்டு டெபியன் உருவாக்குநர்கள் வாக்களித்து எடுத்த முடிவின்படி, 2023 இல் வெளிவந்த டெபியன் 12 முதல் அவை சேர்க்கப்பட்டுள்ளன. பழைய பதிப்புகளில், கைப்பேசியைக் கம்பி வழியே இணைத்து அதன் இணையத்தைக் கொண்டு தேவையான பொதியை நிறுவிக்கொள்ளலாம்.

பிற கிடங்குகளின் பொதிகள். வழங்கலின் கிடங்கிற்கு வெளியே இருந்து நிறுவிய பொதிகள், பதிப்பு மாற்றத்தின்போது சார்பு முரண்களை உண்டாக்கும். மாறுவதற்கு முன் அத்தகைய கிடங்குகளை முடக்கி வைப்பது நலம்.

உதவி செய்யும் முறை

பயனர் குழுக்களின் உதவி, பழுதுபார்க்கும் கடையின் உதவியில் இருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. கடையில் கணினியை ஒப்படைத்துவிட்டு, சரியான பின் பெற்றுக்கொள்வர். குழுவில் விசைப்பலகை கணினிக்கு உரியவரிடமே இருக்க வேண்டும் என்பது நல்ல மரபாகக் கருதப்படுகிறது. உதவுபவர் அருகில் அமர்ந்து சொல்லுவார். உரியவரே தட்டச்சு செய்வார். இதனால் நேரம் கூடுதலாகும். எனினும் அடுத்த முறை அதே சிக்கல் வரும்போது அவர் தாமே தீர்த்துக்கொள்வார். தம் விடுதியிலோ தெருவிலோ உள்ள மற்றவருக்கும் உதவுவார். கணினியில் உள்ள தனிப்பட்ட கோப்புகளும் கடவுச்சொற்களும் பிறர் கைக்குச் செல்லாமல் காக்கப்படுவதும் இதன் பயன் ஆகும்.

உதவி பொதுவாகக் கீழ்க்காணும் வரிசையில் அமையும்:

1. முதலில் கோப்புகளுக்குக் காப்பு நகல் எடுத்தல். கணினி துவங்காவிடினும், நிறுவல் பென் டிரைவில் இருந்து இயங்குதளத்தை இயக்கி வன்தட்டில் உள்ள கோப்புகளைப் படியெடுக்கலாம்.
2. வழங்கலின் பெயர், பதிப்பு, கணினியின் மாதிரி ஆகியவற்றைக் குறித்தல்.
3. பழுதுக்குச் சற்று முன் என்ன செய்யப்பட்டது எனக் கேட்டல்.
4. பிழைச்செய்தியைச் சுருக்காமல், உள்ளது உள்ளபடி படித்தல்.
5. கணினியின் பதிவேட்டை 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையால் பார்த்தல்.
6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, விளைவைக் கவனித்தல்.
7. தீர்வு கண்டபின் அதனை எழுதி வைத்தல்.

இவற்றுள் நான்காவது மிகவும் இன்றியமையாதது. 'கணினி வேலை செய்யவில்லை' என்ற ஒரு தொடரைக் கொண்டு எவராலும் உதவ முடியாது. பிழைச்செய்தி ஆங்கிலத்தில் இருப்பதால் அதனைப் படிக்காமலே மூடிவிடும் பழக்கம் மாணவர்களிடம் உண்டு. அச்செய்தியை ஒவ்வொரு சொல்லாகப் பொருள் பிரித்துத் தமிழில் விளக்குவதே, பெரும்பாலான வேளைகளில் குழு செய்யும் முழு உதவியாக அமைந்துவிடுகிறது.

பொருள் அறியாத கட்டளைகளை நிர்வாகி உரிமையுடன் இயக்கக் கூடாது என்பதும் வலியுறுத்தப்படுகிறது. 'மேன்' எனும் கட்டளையின் மூலம் ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய கையேட்டைக் கணினியிலேயே படிக்கலாம்.

வழு அறிக்கைகள்

சில சிக்கல்கள் பயனரின் தவறால் அன்றி மென்பொருளில் உள்ள வழுவால் நேர்பவை. அவற்றை உள்ளூரில் முழுமையாகத் தீர்க்க இயலாது. டெபியன் தனக்கென வழு கண்காணிப்பு முறைமை ஒன்றைக் கொண்டுள்ளது. உபுண்டுவின் வழுக்கள் லாஞ்ச்பேட் தளத்தில் பதியப்படுகின்றன. திண்டிவனத்தில் ஒரு மாணவர் கண்ட வழு தக்க விவரங்களுடன் பதியப்பட்டால், வேறொரு நாட்டில் உள்ள உருவாக்குநர் அதனைத் திருத்தக்கூடும். அத்திருத்தம் இற்றையாக அனைவருக்கும் சென்று சேரும். தமிழ் எழுத்துருக்கள் சிதைந்து தோன்றுதல், தமிழ் விசைப்பலகை செயல்படாமை, இடைமுகத்தில் தவறான மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தமிழ்ப் பயனர்களே முதலில் காண்பர். அவர்கள் அறிவிக்காவிடில் அவை நெடுங்காலம் திருத்தப்படாமல் போகலாம்.

கேரளத்துடன் ஒப்பீடு

அண்டை மாநிலமான கேரளத்தில் 2001 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐடி@ஸ்கூல் திட்டம், பின்னர் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைப் பரவலாகப் பயன்படுத்தியது. 2017 இல் இத்திட்டம் கைட் எனும் அரசு நிறுவனமாக மாறியது. 2018 இல் தொடங்கப்பட்ட லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்கள் பள்ளிகளில் கணினிப் பயிற்சி அளித்து வருகின்றன. அங்கு ஒரே வழங்கல், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், மாணவர் மன்றங்கள் ஆகிய மூன்றும் அரசு ஏற்பாட்டிலேயே அமைந்தன. தமிழ்நாட்டில் கணினிகளை அரசு வழங்கியது. அவற்றில் உள்ள லினக்சைப் பயன்படுத்தக் கற்பிக்கும் பணியில் பெரும்பங்கு தன்னார்வக் குழுக்களிடம் விடப்பட்டது. இரண்டு ஏற்பாடுகளுக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே ஆகும்.

வரையறைகள்

தன்னார்வ உதவிக்குச் சில எல்லைகள் உள்ளன. உதவுபவர்களுள் பலர் மாணவர்களோ இளம் பணியாளர்களோ ஆவர். தேர்வுக் காலங்களில் அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. படிப்பு முடிந்ததும் வேலைக்காகச் சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களுக்குச் சென்றுவிடுகின்றனர். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதியவர்களைப் பயிற்றுவிக்காத குழு சில ஆண்டுகளில் நின்றுவிடும். உதவி எப்போது கிடைக்கும் என்பதற்கு உறுதி கூற முடியாது. வன்பொருள் பழுதுகளுக்கு உதிரிப் பாகங்கள் தேவைப்படுவதால் அவற்றைக் கடைகளிலேயே சரிசெய்ய வேண்டியுள்ளது. விண்டோசில் மட்டுமே இயங்கும் மென்பொருள்களைப் பணிக்காகக் கட்டாயம் பயன்படுத்த வேண்டியவருக்கு லினக்ஸ் முழுத் தீர்வாகாது என்பதையும் குழுக்கள் மறைக்கலாகாது.

பழைய கணினிகளின் நிலை மற்றொரு சிக்கல் ஆகும். 32 பிட்டு கணினிகளுக்கான மேசைப் பதிப்பு நிறுவல் வட்டுகளை உபுண்டு 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்புடன் நிறுத்திக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 பதிப்பும் அத்தகைய கணினிகளில் புதிதாக நிறுவ இடமளிப்பதில்லை. மிகப் பழைய கணினிகளுக்கு இனி இற்றைகளுடன் கூடிய வழங்கல்கள் சிலவே எஞ்சியுள்ளன.

முக்கியத்துவம்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாத, ஆனால் நன்கு இயங்கும் நிலையில் உள்ள 64 பிட்டு கணினிகள் வீடுகளிலும் பள்ளிகளிலும் உள்ளன. அவற்றில் பாதுகாப்பு இற்றைகளுடன் கூடிய லினக்ஸ் வழங்கலை நிறுவி மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்த இயலும். புதிய கணினி வாங்க இயலாத குடும்பத்திற்கு இது மாணவரின் படிப்பு தொடர்வதற்கும் நிற்பதற்கும் உள்ள வேறுபாடாக அமையலாம். ஆனால் நிறுவித் தருவதுடன் பணி முடிவதில்லை. முதல் மின்தடைக்குப் பின் கணினி துவங்காதபோது, நடந்து செல்லும் தொலைவிலோ ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலோ கேட்பதற்கு ஒருவர் இருக்கிறாரா என்பதே, அக்கணினியில் லினக்ஸ் நீடிக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இவற்றையும் பார்க்க

கட்டற்ற மென்பொருள்
குனூ பொது மக்கள் உரிமம்
டெபியன்
உபுண்டு
பாஸ் லினக்ஸ்
விழுப்புரம் மாவட்டம்